பழைய நடையா, புதிய நடையா? ஹோமரைப் படித்து ரசிக்க

ஹோமரின் ‘ஒடிஸி’யை ஆங்கிலத்தில் படிக்கப் போகிறவர், புதிய மொழிபெயர்ப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு பழையவற்றை ஒதுக்கிவிடுவது வழக்கம். ‘பழசில்தான் காவியக் கம்பீரம்’ என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் முழு ருசி தெரியும்.

முதலில், அந்தப் பழமை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அலெக்சாண்டர் போப்பின் ஒடிஸி 1725-26இல் வெளிவந்தது. இயைபோடு ஈரடி ஈரடியாக நடக்கும் அந்தச் செய்யுள், அன்றைய வாசகருக்குச் சமகால நடை, நமக்குத்தான் பழசாகிவிட்டது. 1879இல் புட்சரும் லாங்கும் தந்த உரைநடை அப்படியல்ல. தம் காலத்து ஆங்கிலத்தை விட்டு, 1611ஆம் ஆண்டு பைபிளின் நடையை அவர்கள் வேண்டுமென்றே கைக்கொண்டார்கள்.

அதற்கு நியாயம் உண்டா? 1856இல் இலியட்டை மொழிபெயர்த்த பிரான்சிஸ் நியூமன், ‘பிற்காலக் கிரேக்கருக்கே ஹோமரின் மொழி பழையதுதான், ஆங்கிலத்திலும் அப்படியே இருக்கட்டும்’ என்று வாதாடினார். மேத்யூ ஆர்னால்ட் ஆக்ஸ்ஃபோர்டு உரைகளில் இதை மறுத்தார்: ஹோமரிடம் வேகமும் எளிமையும் கம்பீரமும் சேர்ந்திருக்கின்றன, பழஞ்சொல் அந்த ஓட்டத்தைத் தடுக்கும் என்றார். இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. பல வட்டார வழக்குகள் கலந்த ஹோமரின் மொழியை யாரும் வீட்டில் பேசியதில்லை. ஆனாலும் கதை தடையின்றி ஓடுகிறது.

அடுத்து, ஒரே காட்சியை ஒப்பிடுங்கள். 17ஆம் காண்டத்துக்குப் போங்கள். இருபது ஆண்டுகள் கழித்துப் பிச்சைக்காரன் வேடத்தில் ஊர் திரும்புகிறான் அரசன் ஒடிசியஸ். அவன் வளர்த்த நாய் ஆர்கோஸ், வாசலில் சாணக் குவியல்மேல் உண்ணி மொய்க்கக் கிடக்கிறது. எசமானனை அடையாளம் கண்டு வாலை ஆட்டுகிறது, காதுகளைத் தாழ்த்துகிறது. கிட்டே வரத் தெம்பில்லை. அவன் முகத்தைத் திருப்பிக் கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறான். நாய் இறந்துபோகிறது. மூலத்தில் அவ்வளவுதான்.

போப்பிடம் அந்த நாய் காலை முத்தமிட ஊர்ந்துவர முயல்கிறது, கண்களாலும் மகிழ்ச்சியைக் காட்டுகிறது. உருக்கம் கூடுகிறது, ஹோமரின் அடக்கம் குறைகிறது. புட்சரும் லாங்கும் எதையும் கூட்டவில்லை. வாலும் காதும் மட்டுமே. சொல்லில் பழமை, சொல்வதில் எளிமை. பழைய நடை எல்லாம் ஒன்றல்ல என்பது இங்கே விளங்கும்.

பிறகு அதே பகுதியை 1946இல் வந்த இ.வி. ரியூவின் உரைநடையிலும், 2017இல் வந்த எமிலி வில்சனின் செய்யுளிலும் வாய்விட்டுப் படியுங்கள். வில்சன் மூலத்தின் அடி எண்ணிக்கையைத் தாண்டவே இல்லை. அந்தக் கட்டுப்பாடு தரும் வேகத்தைக் காது உணரும்.

மொழிபெயர்ப்பை எடைபோட அதன் நடையின் வயது உதவாது. சாணக் குவியலையும் அரசனின் கண்ணீரையும் ஒரே மூச்சில், கூட்டாமல் குறைக்காமல் சொல்ல அந்த நடைக்கு முடிகிறதா என்று பாருங்கள். போப்பும் புட்சர்-லாங்கும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறார்கள். 17ஆம் காண்டத்திலிருந்தே தொடங்குங்கள்.