சீர்வரிசையும் சொத்துரிமையும்

1993இல் வெளிவந்த பாரதிராஜாவின் 'கிழக்குச் சீமையிலே' அண்ணன் தங்கைப் பாசத்தைப் பேசும் தமிழ்ப் படங்களுள் குறிப்பிடத்தக்கது. மாயாண்டியாக விஜயகுமாரும் விருமாயியாக ராதிகாவும் நடித்த அப்படத்தைக் கண்டு கண் கலங்காதார் சிலரே. எனினும், கண்ணீரைத் துடைத்தபின் ஒரு வினா எஞ்சுகிறது. அண்ணன் சுமந்து செல்வது சீர். தங்கைக்கு உரியது எது?

தாய்மாமன் சீரைப் படம் திருவிழாவாகவே காட்டுகிறது. நிலத்திலும் வீட்டிலும் விருமாயிக்குப் பங்குண்டா என்பதோ கதையின் மையத்துக்கு வருவதில்லை. அண்ணனும் கணவனும் பகைக்க, அவள் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இடையே அல்லலுறுகிறாள். இரண்டில் ஒன்றேனும் அவளுடையதன்று. இதுவே அவள் துயரின் வேர். இயக்குநரோ இதனைப் பாசத்தின் சோதனையாகவே காண்கிறார். சீர் கொடுப்பவர் மனத்தைச் சார்ந்தது, உரிமை அவ்வாறன்று.

படம் வருவதற்கு முன்பே, 1989இல், தமிழக அரசின் சட்டத்திருத்தம் மணமாகாத இந்துப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கை வழங்கியிருந்தது. கிறிஸ்தவர்களாகிய நமக்கும் இதில் பாடமுண்டு. திருவிதாங்கூரின் 1916ஆம் ஆண்டுச் சட்டம் மகளுக்கு மகன் பங்கில் நான்கில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றுள் குறைந்ததையே அளித்தது. அதனை எதிர்த்து மேரி ராய் உச்சநீதிமன்றம் சென்று 1986இல் வென்றார். அத்தீர்ப்பைத் திருச்சபையினர் அனைவரும் மகிழ்ந்து வரவேற்கவில்லை என்பதும் வரலாறே.

சாந்தோம் பேராலயத்தை அடுத்த நொச்சிக்குப்பத்தை நோக்குவோம். 2023 ஏப்ரலில் லூப் சாலை மீன்கடைகள் அகற்றப்பட்டபோது மீனவ மக்கள் போராடினர். 2024 ஆகஸ்டில் அங்கு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. விற்கும் இடத்துக்காகத் தெருவில் நின்று வாதாடத் தயங்காத பெண், பிறந்த வீட்டில் தன் பங்கைக் கேட்க நாணுகிறாள். படகும் வலையும் மகனுக்கு, நகை மகளுக்கு என்பதே நம் கடற்கரைகளின் பொதுவழக்கு. சகோதரர் நீட்டும் தாளில் அவள் ஒப்பமிடுகிறாள். அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம்! விடுதலை பெறுவது யார்?

எண்ணிக்கை நூலின் 27ஆம் அதிகாரத்தில் ஐந்து சகோதரிகள் மோசேயின் முன்னும் மக்கள் அனைவரின் முன்னும் நின்று தந்தையின் உரிமைச் சொத்தைக் கேட்கின்றனர். அவர்கள் கேட்பது சரியே என்கிறார் ஆண்டவர். பாசம் குன்றியவர்கள் என்று அவர்களை மறைநூல் பழிக்கவில்லை. நம் திரைப்படங்கள் இன்னும் அவ்விடத்தை எட்டவில்லை. நம் இல்லங்களேனும் எட்டுமா?