வளர்ந்தோர் கல்வி: ஒரு திறனாய்வு

கல்விக்கு வயதெல்லை வகுத்தவர் வள்ளுவர் அல்லர். ஒருவன் சாகும்வரை கல்லாதிருப்பது எதனாலோ என வியந்து வினவியவர் அவர். வயதெல்லை வகுத்தது பாடசாலை அமைப்பேயாம். க.பொ.த. சாதாரண தரத்தோடு கல்வியை நிறுத்திக் கடைக்கோ பட்டறைக்கோ தோட்டத்துக்கோ வேலைக்குச் சென்ற ஒருவர், முப்பதாம் வயதில் மீண்டும் கற்க விழைவாராயின், அவர்க்கு வேண்டுவன இரண்டு. பிழைப்புக்கு உதவும் தகைமை ஒன்று. மேற்படிப்புக்குச் செல்லும் வழி மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருங்கே அளிப்பதே வளர்ந்தோர் கல்வி எனும் பெயர்க்குரியது. ஒன்றைத் தந்து மற்றொன்றை மறுப்பது அரைக்கல்வியே. கண்டியிலும் அதன் சூழலிலும் உள்ள நிறுவனங்களை இவ்வளவுகோல் கொண்டு நோக்குதல் பயனுடைத்து.

முதற்கண் பேராதனை. 1942இல் நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனையில் குடிபுகுந்தது. அதன் முதல் துணைவேந்தராகிய ஐவர் ஜெனிங்ஸ், மாணவர் விடுதிகளில் உடனுறைந்து கற்கும் பல்கலைக்கழகத்தையே இலட்சியமாகக் கொண்டார். அவ்விலட்சியம் உயர்ந்ததே. ஆயின், குடும்பத்தைத் தாங்கும் தொழிலாளர் விடுதியில் உறைதல் எங்ஙனம்? அவர்க்கென அமைந்தது வெளிவாரிப் பட்டம். 1921இல் தோன்றிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியே இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கு மாணவரைப் பயிற்றியதாகும். பின்னர் 1960களில் இலங்கைப் பல்கலைக்கழகமும் வெளிவாரித் தேர்வுகளை நடாத்தலாயிற்று. பகலிற் கற்பித்து இரவிற் கற்ற ஆசிரியரும், அலுவலகப் பணி முடித்து நூலகஞ் சென்ற எழுதுவினைஞரும் இவ்வழியே பட்டதாரிகளாயினர். இந்நன்மையை மறுத்தல் நன்றிகோறலாகும்.

எனினும், வெளிவாரி முறையின் பெருங்குறையொன்று சுட்டற்பாலது. அது பரீட்சிக்கும் முறையேயன்றிப் பயிற்றும் முறையன்று. வினாத்தாளை வழங்கும் பல்கலைக்கழகம், விடையெழுதக் கற்பிக்கும் பொறுப்பைத் தனியார் வகுப்புகளுக்கும் கைப்பிரதிகளுக்கும் விட்டுவிடுகின்றது. ஆய்வுகூடம் வேண்டாத கலைப்பாடங்களையே பலர் தெரிவதும் இதனாலேயாம். அவர் நாட்டத்தினும் வசதியே பாடத்தைத் தெரிகின்றது. பட்டம் கைவந்த பின்னரும் தொழிற்கதவு திறவாதாயின், அதற்குக் கற்றவரை மட்டும் குறைகூறல் முறையன்று.

மலையகத் தமிழர் திறத்து இக்குறை இரட்டிப்பாகின்றது. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, தோட்டப் பாடசாலைகள் அதன் வட்டத்துக்குப் புறத்தே நின்றன. அவற்றை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். இடைப்பட்ட தலைமுறையினர் இழந்தது அரசின் தாமதத்தாலேயன்றித் தம் மடிமையாலன்று. இவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு அளித்தல் கருணையன்று, கடன் தீர்த்தலாம்.

பேராதனையைக் கடந்து கடுகண்ணாவை நோக்கிச் செல்லும் வழியிலுள்ளது பிலிமத்தலாவை. ஆங்கு 1963இல் நிறுவப்பெற்ற இலங்கை இறையியற் கல்லூரி நம் ஆராய்ச்சிக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. சமய வேறுபாடு கருதாது அதன் கல்வி முறையை மட்டும் நோக்குவோம். அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்து திருச்சபைகள் ஒன்றுகூடி அமைத்த அக்கல்லூரி, தொழிலேற்க வரும் வளர்ந்தோரைச் சிங்களத்திலும் தமிழிலும் பயிற்றுகின்றது. கற்போர் இன்ன பணிக்குக் கற்கின்றோம் என அறிந்தே கற்கின்றனர். வங்காளத்துச் சேரம்பூர்க் கல்விக்கழகத்தோடு கொண்ட இணைப்பால் பட்டமும் அதற்கப்பாற்பட்ட படிப்பும் எட்டுகின்றன. தாய்மொழி, தொழில், மேற்படிப்பு ஆகிய மூன்றும் ஓரிடத்தே கூடின. அதன் வட்டம் மிகச் சிறிது என்பது உண்மையே. ஆயினும், சிறுவட்டத்திற் கைகூடியதைப் பெருவட்டத்திற் செய்ய இயலாதெனல் பொருந்துமோ?

அவ்வூரின் வீதியோரத்தே பித்தளைப் பொருட் கடைகள் வரிசையாய் விளங்குகின்றன. குத்துவிளக்கும் தட்டமும் வார்த்துச் செதுக்கும் கைவினைஞர் பலர் தம் கலையைப் பட்டறையிலேயே பயின்றவர். இத்தகையோர்க்கெனவே தேசிய தொழிற்றகைமை முறை, முன்கற்றலை ஏற்றுச் சான்றிதழ் வழங்கும் வழியொன்றைக் கொண்டுள்ளது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்வழி வந்த ஆணைக்குழுவின் மேற்பார்வையில் இம்முறை ஏழு படிகளாய் அமைந்துள்ளது. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். அவ்வேழாம் படிக்கெனத் தொழிற்கல்விப் பல்கலைக்கழகமொன்று 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் இரத்மலானையில் எழுந்தது. ஏட்டளவில் இதனினும் செம்மையான ஏணி வேறில்லை. ஆயின் நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் இடையே கணிதமும் ஆங்கிலமும் குறுக்கே நிற்கின்றன. கைத்திறனால் நான்கு படி ஏறியவர்க்கு அவ்விரண்டையும் அவர்தம் மொழியிலே தொடங்கிப் பயிற்றும் இடைநிலை வகுப்பு இன்றியமையாதது. அஃதின்றேல் ஏணி நடுவே முறிந்ததாகும்.

1980இல் நிறுவப்பெற்ற திறந்த பல்கலைக்கழகத்தின் நிலையும் இத்தகையதே. பொல்கொல்லையில் அதன் கண்டிப் பிராந்திய நிலையம் உள்ளது. உயர்தரச் சித்தியில்லாதாரும் தொடக்கக் கற்கைநெறியின் வழியாக உட்புகலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. அச்சிட்ட பாடமும் விடுமுறைநாள் வகுப்பும் அளித்து, வெளிவாரி முறையின் குறையை அது ஓரளவு நிறைவு செய்கின்றது. எனினும் விஞ்ஞானம், பொறியியல் முதலிய துறைகளில் ஆங்கிலமே போதனாமொழி. தொழில் வாய்ப்பு மிகுந்த துறைகளிலேயே தாய்மொழியின் துணை குன்றுதல் வருந்தத்தக்கது.

தொழிலைக் கருதிக் கற்பது கல்வியின் மாண்பைக் குறைக்கும் என்பார் உளர். அவர்க்கு விடை, புதுக்கோட்டையில் 1991இல் எழுந்த அறிவொளி இயக்கம். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் அங்கு எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்கள் கற்றனர். சைக்கிளாற் கல்வி இழிவுற்றதில்லை. கற்ற பெண் பிறர் துணை வேண்டாது சந்தைக்கும் வகுப்புக்கும் தானே சென்றாள். வாழ்க்கைக்கு உதவிய எழுத்தே மறவாது நிலைத்தது.

ஆகவே, கண்டிப் பகுதியில் நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றை இணைக்கும் பாலங்களுக்கே பஞ்சம். தொழிற்சான்றிதழைப் பல்கலைக்கழகம் மதித்தல் வேண்டும்; பல்கலைக்கழகம் வெளிவாரி மாணவர்க்குக் கற்பித்தலையும் தன் கடனாகக் கொள்ளல் வேண்டும்; தமிழிற் கற்றவர் ஆங்கிலத்துக்குச் செல்லப் படிப்படியான பயிற்சி வேண்டும். பாடசாலைக் கட்டடங்கள் மாலையிற் பூட்டிக் கிடக்கின்றன. பட்டதாரி ஆசிரியரும் ஊர்தோறும் உளர். அக்கதவுகளை வாரத்தில் இரு மாலைகள் திறந்து வைத்தாலே இப்பாலத்தின் முதற்கல் நாட்டப்பெற்றதாகும்.