சூழமைவும் ஆசிரியர் குழுவும்: இறையியல் கல்வி நிதியின் மூன்றாம் ஆணை பற்றிய ஒரு திறனாய்வு

1972ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிராம்லி நகரிலிருந்து இறையியல் கல்வி நிதி வெளியிட்ட 'சூழமைவில் திருப்பணி' என்னும் சிறுநூலை இன்று முழுமையாக வாசிப்போர் சிலரே. ஆயினும், அந்நூல் பரப்பிய 'சூழமைவு' என்னும் கருத்தை எடுத்தாளாத இறையியலாசிரியர் நம்மிடையே இல்லை எனலாம். பாடத்திட்ட முன்னுரைகளிலும், ஆய்வேட்டுத் தலைப்புகளிலும், ஆயர்கூட்ட உரைகளிலும் அச்சொல் புழங்கிப் புழங்கித் தேய்ந்துவிட்டது. அந்நூலை நாம் மீண்டும் கையிலெடுத்தது அச்சொல்லின் வரலாற்றை ஆராய்வதற்காக அன்று. உயர்கல்வியில் புதுமை வேண்டும் என்று கேட்போர், அப்புதுமையைச் செய்ய வேண்டிய ஆசிரியரை எவ்வாறு உருவாக்க எண்ணினர் என்னும் ஒரே கேள்வியை அதனிடம் கேட்பதே நம் நோக்கம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இதே கேள்வியை எல்லாக் கல்லூரிகளின் முன்னும் வைத்திருப்பதால், இறையியல் கல்லூரிகள் ஏற்கெனவே கண்ட பட்டறிவைச் சீர்தூக்கிப் பார்ப்பது காலத்துக்கு ஏற்றது எனக் கருதுகிறோம்.

இந்நிதியின் வேர் நம் மண்ணிலேயே உள்ளது. 1938இல் தாம்பரத்தில் கூடிய அனைத்துலக அருட்பணி மாமன்றம், திருப்பணியாளருக்கு அளிக்கப்படும் பயிற்சி அருட்பணி முயற்சி முழுவதிலும் மிகவும் வலுக்குன்றிய பகுதிகளுள் ஒன்று எனக் கண்டது. சென்னையில் பணியாற்றிய அயர்லாந்து மெதடிஸ்து ஊழியரான சார்ல்ஸ் ரான்சன், அம்மன்றத்தின் தூண்டுதலால் எழுந்த ஆய்வின் விளைவாக, இந்தியாவில் கிறிஸ்தவ ஊழியரின் அழைப்பையும் பயிற்சியையும் பற்றி விரிவானதொரு நூல் எழுதினார். இறுதியில், 1957ஆம் ஆண்டின் இறுதியிலும் 1958ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் கானா நாட்டில் கூடிய மாமன்றத்தில் இறையியல் கல்வி நிதி தோன்றியபோது, அதன் முதல் இயக்குநராக அமர்ந்தவரும் அதே ரான்சன்தான். தொடக்க முதல் 40 இலட்சம் அமெரிக்க டாலர். அதில் பாதியை ராக்ஃபெல்லர் குடும்பத்தின் அறக்கட்டளை ஒன்று தந்தது. மறுபாதியை அமெரிக்க அருட்பணிச் சங்கங்கள் திரட்டின.

முதல் ஆணைக் காலத்தில் நிதியின் நோக்கம் தெளிவாயிருந்தது. ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க இறையியல் கல்லூரிகளின் கல்வித் தரம் உயர வேண்டும். அதற்கு நூலகம் வேண்டும், கட்டடம் வேண்டும், தகுதிபெற்ற உள்நாட்டு ஆசிரியர் வேண்டும். இந்நோக்கத்தை எளிதில் குறைகூறும் வழக்கம் பிற்காலத்தில் எழுந்தது. நாம் அதனோடு உடன்படவில்லை. மேலைநாட்டு ஊழியர் அமர்ந்திருந்த இருக்கைகளில் உள்நாட்டினர் அமரும் நிலை பிறந்ததும், விளக்கவுரை நூல் ஒன்றுக்காக மாணவர் பலர் காத்திருந்த நிலை மாறியதும் சிறிய காரியங்கள் அல்ல. கிரேக்கமும் எபிரேயமும் ஏழைநாட்டு மாணவனுக்கு வேண்டாத சுமை என்போர் அணியிலும் நாம் இல்லை. ஏழைக்கு எளிய கல்வி போதும் என்னும் வாதத்தில் ஒளிந்திருக்கும் இழிநோக்கை ஏழைகள் நம்மைவிட விரைவில் கண்டுகொள்வர்.

மூன்றாம் ஆணை 1970இல் தொடங்கி 1977இல் முடிவுற்றது. இக்காலத்தில் நிதியை நடத்தியவர், தைவானின் தைனான் இறையியல் கல்லூரியில் முதல்வராயிருந்த ஷோகி கோ. பின்னாளில் கேப் டவுன் தலைமைப் பேராயரான தெஸ்மண்ட் டூட்டு அப்போது ஆப்பிரிக்காவுக்குப் பொறுப்பான துணை இயக்குநராக உடனிருந்தார். நற்செய்திக்குச் சுதேச ஆடை அணிவித்தல் என்னும் பழைய கருத்து, கடந்தகாலப் பண்பாட்டையே நோக்கி நிற்பது என்றார் கோ. தொழில்நுட்பமும் நீதிக்கான போராட்டமும் நம் மக்களின் வாழ்வை மாற்றிவரும் நிலையில், அம்மாறும் வாழ்வையே இறையியல் சூழமைவாகக் கொள்ள வேண்டும் என்றார். நிதியின் சிறுநூல் இக்கருத்தை அருட்பணி நோக்கிலும், அமைப்பு முறையிலும், இறையியல் சிந்தனையிலும், கற்பிக்கும் முறையிலும் பொருத்திக் காட்டிற்று. அக்காலத்தில் பிரேசிலின் பவுலோ ஃபிரெயர் ஜெனிவாவில் உலகத் திருச்சபைகள் மாமன்றத்தின் கல்வித் துறையில் பணியாற்றினார் என்பதை நினைவிற்கொண்டால், கற்பிப்பவருக்கும் கற்பவருக்கும் இடையிலுள்ள மதில் இடிய வேண்டும் என்னும் கருத்து எத்தகைய காற்றில் பிறந்தது என்பது விளங்கும்.

நிதியின் எண்ணத்தைப் பற்றி நமக்குக் குறையில்லை. அது கையாண்ட கருவியே நம் கவலை. முதல் ஆணைக் காலத்தில் தரத்தை உயர்த்துவதற்குத் தேர்ந்த முதன்மையான கருவி, தனியொரு ஆசிரியருக்கு உயர்படிப்புக்கென அளிக்கும் உதவித்தொகை. மூன்றாம் ஆணையில் நோக்கம் அடியோடு மாறிற்று; கருவியோ பெரும்பாலும் அப்படியே நின்றது. தென்கிழக்கு ஆசியாவில் 1966இல் தோன்றிய பட்டமேற்படிப்புக் கூட்டமைப்பைப் போன்றவற்றால், படிக்கும் இடம் மேலை நாட்டிலிருந்து ஓரளவு நம் நாடுகளுக்கு நகர்ந்தது. அது நல்ல மாற்றம். எனினும், தனியாள் செல்கிறார், தனியாள் ஆராய்கிறார், தனியாள் திரும்புகிறார் என்னும் அடிப்படை மாறவில்லை. கல்லூரியின் ஆசிரியர் குழுவை ஒரே உடலாகக் கருதி, அவ்வுடல் முழுவதும் கற்பதற்கு வழிசெய்வது அந்நூலின் மையத்தில் இடம்பெறவில்லை.

இதன் விளைவை எந்தக் கல்லூரியிலும் காணலாம். இளம் ஆசிரியர் ஒருவர் நான்கைந்து ஆண்டுகள் பிரிந்திருந்து முனைவர் பட்டம் பெறுகிறார். ஆய்வேடு ஆங்கிலத்திலோ ஜெர்மன் மொழியிலோ அமைகிறது. அதன் பொருள், துறை வல்லுநர் சிலர் மட்டுமே வழக்காடத்தக்க ஒரு நுண்ணிய சிக்கல். அவர் திரும்பிவந்ததும் வாரத்துக்குப் பல மணிநேர வகுப்பும், விடுதிப் பொறுப்பும், ஞாயிறுதோறும் அருளுரையும் அவருடைய தோளில் ஏற்றப்படுகின்றன. பாடத்திட்டம் அவர் செல்வதற்கு முன்பு இருந்ததே. வினாத்தாளின் அமைப்பும் அதுவே. புதுமையைக் கற்றுவந்தவர், தம் சக ஆசிரியர் எவருடனும் அமர்ந்து ஒரு பாடத்தையேனும் மாற்றி எழுதும் நேரமும் அதிகாரமும் இன்றி, மூன்றாம் ஆண்டின் முடிவில் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுக்கிறார். அவரைச் சோம்பேறி என்பது அநீதி. அவரை அனுப்பிய மறைமாவட்டமோ, நிதி நெருக்கடியிலும் ஆயர் பற்றாக்குறையிலும் அவரைத் திடீரெனச் சபைப்பணிக்குத் திரும்ப அழைத்துக்கொள்ளும். அப்போது அவருடன் அவர் கற்றதும் கல்லூரியை விட்டுப் போய்விடுகிறது. குழுவில் எதுவும் தங்குவதில்லை.

இதற்குள் இறையியல் சார்ந்த இடர் ஒன்றும் உண்டு. திருமறை, திருச்சபை வரலாறு, கோட்பாட்டியல், திருப்பணியியல் எனப் பிரிந்து நிற்கும் பாட அமைப்பு ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் உருப்பெற்றது. 1811இல் ஷ்லையர்மாகர் வெளியிட்ட சிறுநூல் இவ்வரலாற்றின் மைல்கல். இறையியல் கல்வி இவ்வாறு துண்டுதுண்டாய்ச் சிதறியதை எட்வர்ட் ஃபார்லி 1983இல் வெளியிட்ட தம் நூலில் நுணுக்கமாக ஆராய்ந்தார். தனியாள் உதவித்தொகை இச்சிதறலை வளர்க்கிறது. ஒவ்வொருவரும் ஒரு துண்டில் வல்லுநராய்த் திரும்புகின்றனர். சூழமைவு என்பதோ துண்டுகளுக்கு இடையில் கிடக்கிறது. கந்துவட்டியில் சிக்கிய குடும்பம் ஒன்று ஆயரிடம் வரும்போது அது பழைய ஏற்பாட்டுத் துறைக்கு உரியதா, அறவியல் துறைக்கு உரியதா என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை.

திருத்தூதர் பணிகள் 18ஆம் அதிகாரத்தில் வரும் அப்பொல்லோவை நாம் பெரும்பாலும் நாவன்மைக்கே எடுத்துக்காட்டாகக் காட்டுகிறோம். அலெக்சந்திரியாவில் பிறந்தவர், மறைநூலில் வல்லவர், ஏற்கெனவே போதித்துவந்தவர். அவருடைய அறிவில் இருந்த குறையை நிறைவாக்கியவர்கள் கூடாரத் தொழில்செய்து பிழைத்த பிரிஸ்கில்லாவும் ஆக்கில்லாவுமே. அவர்கள் அவரை வேறொரு பெருநகரக் கல்விக்கூடத்துக்கு அனுப்பவில்லை. தங்களிடம் சேர்த்துக்கொண்டு விளக்கினர். கற்றவர் தம் கேட்போரிடமிருந்து கற்கும் இந்நிலைமாற்றத்தை ஆசிரியர் பயிற்சி என்று நம் கல்லூரிகள் எண்ணிப்பார்ப்பது அரிது. பெண்ணின் பெயர் முந்தி நிற்கும் அப்பகுதி, பெண் ஆசிரியர் இன்றும் சிலராகவே உள்ள ஆசிரியர் குழுக்களில் வாசிக்கப்படும்போது அதற்குக் கூடுதல் கூர்மை உண்டு.

இக்குறை இறையியல் கல்லூரிகளுக்கு மட்டும் உரியதன்று. ஆக்ஸ்ஃபோர்டின் ஏ. டி. லிண்ட்சே தலைமையில் இந்தியக் கிறிஸ்தவக் கல்லூரிகளை ஆராய்ந்து 1931இல் அறிக்கை தந்த குழு, பல்கலைக்கழகத் தேர்வுக்கு அடிமைப்பட்ட ஆசிரியரிடம் புதிய கல்வியை எதிர்பார்க்க இயலாது எனக் கண்டது. கல்லூரிகள் தம்மைச் சூழ்ந்த மக்களின் வாழ்வை ஆராய்ந்து அம்மக்களுக்கே பயன்பட வேண்டும் என்பதற்காக ஆய்வுத் துறையையும் விரிவாக்கத் துறையையும் அது முன்மொழிந்தது. அவ்வறிக்கை போற்றப்பட்ட அளவுக்கு நிறைவேற்றப்படவில்லை. 1986ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர் பயிற்சிக்கெனத் தனிக் கல்லூரிகளை நிறுவிற்று. புதிய ஆசிரியருக்கு நான்கு வாரம், பணியிலிருப்போருக்கு மூன்று வாரம் எனப் பயிற்சி நடந்தது. நல்லாசிரியர் பலர் அங்கே ஒருவரையொருவர் கண்டு ஊக்கம் பெற்றனர் என்பது உண்மை. ஆனால் அப்பயிற்சி பதவி உயர்வுக்கு நிபந்தனையாக்கப்பட்டதால், சான்றிதழ் பெறுவதே நோக்கமாகி, கற்பது உடன்விளைவாயிற்று. 2015இல் ஒருமுறையும் 2023இல் மறுமுறையும் அந்நிறுவனங்களுக்குப் புதுப்பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாற்றத்தில் நம் நாட்டு நிர்வாகத்துக்கு என்றுமே தயக்கமில்லை.

2020ஆம் ஆண்டின் கொள்கை இவ்வகையில் ஒருபடி முன்னே செல்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஏற்கப்பட்ட வரம்புக்குள் தம் பாடத்தையும், கற்பிக்கும் முறையையும், பாடநூலையும் வகுத்துக்கொள்ளும் உரிமை ஆசிரியருக்கு வேண்டும் என்றும், கல்லூரிகளைப் பல்கலைக்கழகத்துடன் இணைத்துவைக்கும் முறை படிப்படியாக நீங்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. முனைவர் பட்ட மாணவர் கற்பிக்கவும் பயில வேண்டும் என்கிறது. ஆயினும் வரம்பை ஏற்பவர் யார் என்னும் கேள்வியை அது ஆசிரியர் குழுவிடம் விட்டுவிடவில்லை. நம் வீட்டிலும் நிலை வேறன்று. செராம்பூர் செனட்டுடன் இணைந்த கல்லூரிகளில் பட்டம் வழங்கும் அதிகாரம் செனட்டுடையது; ஒரே தரம் காக்கும் அவ்வமைப்பால் சிறிய கல்லூரிகள் அடைந்த நன்மை பெரிது. ஆனால் ஒரே பாடத்திட்டம் மிசோரமுக்கும் மதுரைக்கும் எத்துணைத் தூரம் பொருந்தும் என்னும் கேள்வியைச் செனட்டின் மீது சுமத்திவிட்டு நாம் ஓய்வெடுக்கலாகாது. அது தந்துள்ள நெகிழ்வை எத்தனை ஆசிரியர் குழுக்கள் முழுமையாகப் பயன்படுத்தியுள்ளன?

மாற்றுவழி வெறுங்கனவு அன்று. 1969இல் மதுரை அரசரடியில் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி, தமிழிலேயே இறையியல் கற்பித்ததோடு, மாணவரை வளாகத்துக்கு வெளியே, நகரின் ஏழ்மைக் குடியிருப்புகளில் வாழச்செய்தது. இதில் பலரும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. மாணவர் வெளியே வாழ்ந்தால், அவர்கள் கொண்டுவரும் கேள்விகளுக்கு முன் ஆசிரியரும் நிற்க வேண்டும். குடிநீர்க் குழாயடிச் சண்டையைப் பார்த்துவிட்டு வகுப்புக்கு வரும் மாணவன், ஆமோஸ் தீர்க்கதரிசியின் நூலைப் பற்றி வேறு வகையில் கேட்பான். மாணவர் பயிற்சிக்காக அமைந்த ஏற்பாடு, எவரும் அவ்வாறு பெயரிடாமலேயே, ஆசிரியர் பயிற்சியாகவும் ஆயிற்று. அதன் முதல்வராயிருந்த சாமுவேல் அமிர்தம், இறையியல் கல்வி நிதியின் பணியைத் தொடர்ந்த உலகத் திருச்சபைகள் மாமன்றத்தின் இறையியல் கல்வித் துறைக்குப் பின்னர் இயக்குநரானது தற்செயல் அன்று எனக் கொள்கிறோம்.

அக்கல்லூரியில் கற்பித்தவரும் 2005இல் மறைந்தவருமான தியாபிலஸ் அப்பாவு, பறட்டை என்னும் பெயரால் நம் சபைகளுக்கு நன்கு அறிமுகமானவர். நாட்டுப்புற மெட்டுகளிலும் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சுமொழியிலும் வழிபாட்டை அமைத்தார். ஒரே உலையில் சமைத்துச் சேர்ந்துண்ணும் எளிய வழக்கத்தைத் திருவிருந்தின் பொருளோடு இணைத்து ஓர் இறையியலையே எழுப்பினார். இது மக்களிடம் மாணவராய் அமர்ந்த ஆசிரியரின் விளைச்சல். அதேவேளையில் ஓர் எச்சரிக்கையும் இங்குண்டு. அவருடைய பாடல்கள் பல இடங்களில் விழாநாள் பாடல்களாகப் பாடப்படுகின்றன; அவர் கற்ற முறையோ பாடத்திட்டத்தில் ஏறுவது அரிதாயுள்ளது. ஒருவருடைய அருங்கொடையைப் போற்றுவது எளிது. அவர் கற்ற வழியில் ஆசிரியர் குழு முழுவதும் ஒருமுறை நடந்து பார்ப்பதற்குத்தான் கால அட்டவணையில் இடமில்லை.

உதவித்தொகையை நிறுத்துக என்று நாம் சொல்லவில்லை. அதனைப் பெறுபவர் குழுவின் சார்பில் செல்ல வேண்டும். எதைக் கற்றுவர வேண்டும் என்பதைக் குழு கூடி முடிவுசெய்ய வேண்டும். அவர் திரும்பியபின் குறிப்பிட்ட காலம் கல்லூரியில் இருப்பார் என்று மறைமாவட்டம் எழுத்தில் உறுதிதர வேண்டும். ஓய்வாண்டு பெறும் ஆசிரியர் அதனை வெளிநாட்டில்தான் கழிக்க வேண்டும் என்னும் எழுதாச் சட்டமும் போகட்டும். கிராமச் சபையில் ஓராண்டு வாழ்ந்து வருவதற்கு வானூர்திக் கட்டணம் தேவையில்லை. இரு துறையினர் ஒரே வகுப்பில் சேர்ந்து கற்பிப்பதற்கும் எவருடைய அனுமதியும் பெரும்பாலும் வேண்டியதில்லை. வேண்டுவது, உடன் ஆசிரியர் முன்னிலையில் தம் அறியாமை வெளிப்படுமே என்னும் அச்சம் நீங்குவதே.

உடனே செய்யத்தக்க ஒன்றை மட்டும் கல்லூரி ஆட்சிக் குழுக்களின் கவனத்துக்கு வைக்கிறோம். அயல்மொழியில் ஆய்வேட்டை முடித்துத் திரும்பும் ஆசிரியருக்கு முதல் ஆண்டில் வகுப்பு நேரத்தைப் பாதியாகக் குறைத்து, அவ்வாய்வைத் தம் மாணவர் படிக்கத்தக்க தமிழ் நூலாக எழுதித்தருமாறு கேட்கலாம். எழுதும் காலத்தில் அதன் ஒவ்வோர் அதிகாரத்தையும் பிற துறை ஆசிரியர் இருவரும், சபைப்பணியில் உள்ள ஆயர் இருவரும், இறையியல் பட்டம் பெறாத சபையார் இருவரும் வாசித்து அவருடன் வாதிடட்டும். ஆகும் செலவு ஓர் ஆசிரியரின் அரையாண்டு ஊதியம். கல்லூரி நுழைவாயிலுக்கு நாம் அண்மைக் காலத்தில் எழுப்பும் வளைவுகளின் செலவைவிட அது குறைவானதே.