வரப்பும் வாரிசும்

புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்துக் குன்றைக் குடைந்து அமைத்த கோகர்ணேசர் கருவறையும், தொண்டைமான் மன்னர்கள் குலதெய்வமாகப் போற்றிய பிரகதாம்பாளின் சந்நிதியும், எத்தனையோ தலைமுறைகளைக் கடந்தும் பங்கு போடப்படாத பொதுச் செல்வமாக விளங்க, அக்கோயிலைச் சூழ்ந்த கிராமங்களில் கண்மாய் நீரை நம்பிப் பயிரிட்டு வந்த குடியானவக் குடும்பங்களின் நிலமோ, தகப்பன் காலமானதும் மக்களுக்கிடையே கூறுபட்டு, வரப்புக்குள் வரப்பாகக் குறுகி வந்திருக்கிறது. அக்குடும்பங்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பாகப்பிரிவினைப் பத்திரங்களையே முதலில் புரட்ட வேண்டியிருக்கும்; ஆதலின் அவ்வழக்கத்தின் குணத்தையும் தோஷத்தையும் நிறுத்துப் பார்ப்பது, அக்குடும்பங்களின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒருங்கே விளங்கிக்கொள்வதாகும்.

முதலில் குணத்தைச் சொல்ல வேண்டும். பூர்விகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பினாலேயே உரிமை உண்டென்பது, இந்து வாரிசுரிமைச் சாஸ்திரமாகிய மிதாட்சரத்தின் தர்மம். மூத்தவன் இளையவன் என்ற பேதம் அதில் இல்லை. நம் குடியானவர் அந்தச் சாஸ்திர சமத்துவத்தோடு நின்றுவிடாமல், அதனைத் தங்கள் மண்ணுக்கு ஏற்பச் செப்பனிட்டுக் கொண்டார்கள். ஐப்பசி கார்த்திகை மழையையும், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கண்மாய்களையும் நம்பியிருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தில், மடைக்கு அருகிலுள்ள செய் முதலில் நனையும். கடைமடைச் செய்யோ கண்மாய் நிறைந்த ஆண்டில்தான் கதிர் முற்றக் காணும். மேல்மடையை அண்ணனுக்கும் கடைமடையைத் தம்பிக்கும் கொடுத்தால் ஏக்கர்க் கணக்குச் சமமாகுமேயன்றி வாழ்வு சமமாகாது என்பதை உணர்ந்து, ஒவ்வொரு செய்யையும் தனித்தனியே பிளந்து, நன்செய்யிலும் புன்செய்யிலும் அனைவருக்கும் பங்கு வைத்தார்கள். மழை பொய்த்த வருஷத்தில் உடன்பிறந்தாருள் ஒருவன் மட்டும் பட்டினி கிடக்க நேராதபடி, நிலத்தோடு சேர்த்து நஷ்டத்தையும் பங்கிட்ட ஏற்பாடு அது.

மூத்தவனுக்கே முழுமையும் என்னும் முறையோடு ஒப்பிட்டால் இதன் கருணை இன்னும் தெளிவாகும். புதுக்கோட்டை அரசுரிமை பிளவுபடாமல் ஒருவரிடமே சென்றது. இளைய கிளைகளுக்கு ஜாகீர்கள் ஒதுக்கப்பட்டன. 1948இல் இந்திய யூனியனில் இணையும்வரை சமஸ்தானம் சிதறாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணமெனலாம். ஆனால் ஒதுக்கிக் கொடுக்க ஜாகீர் இல்லாத குடியானவன் வீட்டில், மூத்தவனுக்கே நிலமென்றால், தம்பிமார் அண்ணன் வயலிலேயே கூலிக்கு இறங்க நேர்ந்திருக்கும்.

இனித் தோஷத்தைப் பார்ப்போம். மூன்று மடைகளின் கீழும் புன்செய்யிலுமாக நான்கு இடங்களில் மும்மூன்று ஏக்கர், ஆகப் பன்னிரண்டு ஏக்கர் உடைய பாட்டன் ஒருவரைக் கற்பித்துக்கொள்வோம். அவருக்கு மூன்று மக்கள். அவர்களுக்கும், அவர்தம் மக்களுக்கும் இவ்விரண்டு ஆண்மக்கள். நேர்ப்பங்கு என்னும் அதே நியாயத்தின்படி பிரித்தால், மூன்றாம் பிரிவினையில் பன்னிரண்டு வாரிசுகள், நாற்பத்தெட்டுத் துண்டுகள். ஒவ்வொருவருக்கும் ஓர் ஏக்கர், அதுவும் நான்கு இடங்களில் இருபத்தைந்து இருபத்தைந்து சென்டாக! உழவு யந்திரம் திரும்ப இடமில்லை. வரப்பு தின்ற மண்ணுக்குக் கணக்கில்லை. பங்காளியின் பயிரை மிதிக்காமல் அறுத்த கதிரை வெளியேற்ற வழியில்லை. இது வெறும் கற்பனையன்று என்பதற்கு வேளாண் கணக்கெடுப்பே சாட்சி: 1970-71இல் 1.45 ஹெக்டேராக இருந்த தமிழ்நாட்டுச் சராசரி நிலவுடைமை, 2015-16இல் 0.75 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. அண்ணன் தம்பியைப் பட்டினியிலிருந்து காத்த நியாயமே, பேரப்பிள்ளைகளை நிலத்தை விட்டுப் பெயர்க்கும் நியாயமாக மாறியது.

இதனினும் பெரிய தோஷம், அந்தச் சமத்துவம் வீட்டு வாசலோடு நின்றுபோனதாகும். நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களையெடுத்த பெண்மக்கள் சீரோடும் நகையோடும் அனுப்பப்பட்டார்கள், நிலம் அவர்களுக்கில்லை. 1989இல் தமிழ்நாடு செய்த திருத்தம் மகளையும் பிறப்புரிமைப் பங்காளியாக்கியது. எனினும் அதற்கு முன் மணமானவர்களை விலக்கியது. 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் அவ்விலக்கையும் நீக்கிற்று. ஆயினும் சகோதரி கையெழுத்திட்டுக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் இன்னும் பாசத்தின் அடையாளமாகவே கேட்கப்படுகிறது. துண்டு சிறுத்துவிட்டது என்று காரணம் காட்டி அவள் பங்கை மறுப்பது, குற்றத்தைக் குற்றத்தால் மூடுவதேயாம்.

அப்படியாயின் பரிகாரம் என்ன? அதனை இவ்வழக்கமே தன்னுள் வைத்திருக்கிறது. செய்யைப் பிளந்த அதே கைகள் கண்மாயைப் பிளக்கவில்லை. குலதெய்வக் கோயிலைப் பிளக்கவில்லை. கிணற்றையும் பிளக்காமல் முறை வைத்து இறைத்துக்கொண்டன. பிரித்தால் கெடுவதைப் பொதுவில் நிறுத்து, பயனை மட்டும் பங்கிடு என்பது அதன் உட்கிடை. பன்னிரண்டு ஏக்கராக இருந்தபோது பிரித்தாலும் கெடாத பொருளாயிருந்த நிலம், இருபத்தைந்து சென்டான பின் கிணற்றின் இனத்தைச் சேர்ந்துவிட்டது. பங்காளிகள் பரிவர்த்தனைப் பத்திரம் எழுதித் துண்டுகளை ஓரிடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்; அல்லது மகளுக்கும் மகனுக்கும் பாத்தியதையைச் சமமாக எழுதி, ஊரிலிருந்து உழுபவரிடம் சாகுபடியை ஒப்படைத்து விளைவைப் பிரித்துக்கொள்ளலாம். விளைவைப் பங்கிடுவது எளிதன்று. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் சர்க்காரும் குடிகளும் களத்தில் நெல்லைப் பங்கிட்ட அமானி முறை, ஒருவரையொருவர் நம்பாமையால் சீர்கெட்டு, திவான் சேஷையா சாஸ்திரியார் காலத்தில் பணத்தீர்வைக்கு இடங்கொடுத்தது. ஆகையால் நேர்மையான கணக்கும், உழைப்பவருக்கு உழைப்பின் கூறும் இதற்கு இன்றியமையாதன.

அக்கணக்கை எழுதும் பொறுமை நமக்கு வேண்டும். கிணற்றைப் பிளக்கலாகாது என்று கண்டு முறை வைத்த பாட்டனின் அறிவு, இன்று குறுகிய வரப்பின்மேல் நிற்கும் பேரனுக்கும், அவனுடன் சமமாக நிற்க வேண்டிய பேத்திக்கும் உரிய பூர்விகச் சொத்தேயாம்.