பழிகரப்பும் தஹக்குமும்

தோப்பில் முஹம்மது மீரானின் (1944–2019) ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலாக வெளிவந்தது. குளச்சலுக்கு மேற்கே, இதே கடற்கரையிலுள்ள தேங்காய்ப்பட்டணம் அவரது ஊர். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கலாகாது எனத் திருமறை (49:11) விலக்கியிருக்க, நம் சமூகத்தை இந்நாவல் நகைப்புக்கிடமாக்குவது தகுமா என்று நம் மாணவர் சிலர் வினவுகின்றனர். கலைச்சொற்களைத் தெளிவுபடுத்திக்கொண்டால் இதற்கு விடை கிடைக்கும்.

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாக வகுக்கிறது. வெளிப்படையாக வைவது முன்னது. உமையாக்கள் காலத்து ஜரீரும் ஃபரஸ்தக்கும் ஒருவரையொருவர் தாக்கிப் பாடிய ‘ஹிஜா’ அதனோடு ஒக்கும். பழியை மறைத்துரைப்பது பின்னது. அதற்கு நெருங்கியதாக அரபி அணியியலார் ‘தஹக்கும்’ என்பதைக் கூறுவர். இகழ வேண்டிய இடத்தில் புகழ்மொழியை வழங்குவது அது. நரகில் வதைபடுபவனை வல்லமையும் கண்ணியமும் மிக்கவனென விளிக்கும் வசனத்தை (44:49) அதற்குச் சான்று காட்டுவர். ஆகவே, நகையுரை அனைத்தும் விலக்கப்பட்டதன்று. எளியோரின் மானத்தைக் குலைப்பது ஒன்று. ஆணவத்தின் முகத்திரையை விலக்குவது வேறொன்று.

மீரான் கையாள்வது பழிகரப்பே. ஊரை ஆட்டிவைக்கும் வடக்குவீட்டு முதலாளியை ஆசிரியர் வைவதில்லை. ஊரார் அவருக்கு அளிக்கும் பயபக்தி கலந்த மொழியிலேயே அவரது பெருமையைப் பேசுகிறார். அப்பெருமை வளர வளர, அதன் வெறுமை தானே வெளிப்படுகிறது. ஆங்கிலக் கல்வி ஹராம் எனும் எதிர்ப்பும் எதிர்ப்போர் வாய்மொழியாகவே வருகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஜாஹிழ் தமது ‘கிதாபுல் புகலா’வில் கஞ்சர்களையே கஞ்சத்தனத்துக்காக வாதாடச் செய்த உத்தி இதற்கு முன்னோடி.

இந்த உத்திக்கு ஓர் ஆபத்தும் உண்டு. மறைத்துரைத்த பழி, மறைவை அறியாதவர் கையில் வெறும் ஏளனமாகிவிடும். முதலாளியின் ஆணவத்தைச் சமூகத்தின் இயல்பென வெளியார் கொள்ளலாம். நம்மவரோ அதையே அவமதிப்பெனக் கொள்ளலாம். இருவரும் காணத் தவறுவது, அந்த முதலாளியை எதிர்த்து நிற்கும் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூதை. அவனும் கலிமாச் சொன்னவனே. நாவலின் பரிவு அவன் பக்கமே நிற்கிறது. எனவே இங்கே ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கவில்லை. ஒரு சமூகம் தன் மனச்சான்றின் குரலால் தன்னையே விசாரிக்கிறது. அணியிலக்கணத்தைத் தேர்வுப் பாடமாக மட்டும் கற்பிக்கும் நாம், இந்த வேறுபாட்டை உணர்த்தவும் கடமைப்பட்டுள்ளோம்.