சுகுமார் ராயின் சொல்லும் கோடும்: 'ஆபோல் தாபோல்' படங்களை முன்வைத்து

வங்கச் சிறுவர் இலக்கியத்தில் சுகுமார் ராய் (1887–1923) பெறும் இடம் பெரும்பாலும் கவிஞருக்குரிய இடமாகவே வரையறுக்கப்பட்டுள்ளது. 'ஆபோல் தாபோல்' பாடல்களை வங்காளிகள் மனப்பாடமாகச் சொல்வர். திறனாய்வாளர்கள் அவற்றின் சந்தத்தையும் சொல்விளையாட்டையும் எட்வர்ட் லியர், லூயிஸ் கரோல் ஆகியோரின் ஆக்கங்களோடு ஒப்பிடுவர். அந்நூலின் படங்களை வரைந்தவரும் அவரே என்பது ஒரு தகவலாகச் சொல்லப்பட்டு, அத்துடன் விடப்படுகிறது. படத்தை நீக்கினால் இப்பாடல்களுள் பல பாதியாகவே நிற்கும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

அச்சகத்தில் உருவான ஓவியர்

சுகுமாரின் தந்தை உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி. சிறுவர்க்கென எழுதிய ராமாயணத்திற்குத் தாம் வரைந்த படங்கள் மரக்கட்டை அச்சில் உருக்குலைந்து வந்ததைக் கண்ட அவர், ஹாஃப்டோன் முறையைத் தாமே கற்று, 1895இல் கொல்கத்தாவில் படக்கட்டை செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் பயின்ற சுகுமார், 1911இல் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்றார். லண்டனிலும் மான்செஸ்டரிலும் படக்கட்டைத் தொழிலையும் கல்லச்சு முறையையும் கற்றார். அவர் தாயகம் திரும்பிய 1913ஆம் ஆண்டிலேயே தந்தையின் 'சந்தேஷ்' சிறுவர் இதழ் தொடங்கப்பெற்றது. இனிப்பு ஒன்றன் பெயராகவும் 'செய்தி' என்னும் பொருளுடையதாகவும் அமைந்த தலைப்பு அது. 1915இல் தந்தை மறைந்தபின் இதழும் அச்சகமும் சுகுமாரின் பொறுப்பாயின. எழுதுபவர், வரைபவர், கட்டை செய்யும் நுட்பம் அறிந்தவர், இதழாசிரியர் ஆகிய நால்வரும் இங்கு ஒருவரே. இத்தகைய வாய்ப்பு லியருக்கும் கிட்டவில்லை. கரோலோ தம் 'ஆலிஸ்' நூலின் படங்களுக்கு ஜான் டெனியலைச் சார்ந்திருந்தார்.

ஹாஃப்டோன் நுட்பத்தில் தேர்ந்த ஒருவர் தம் புகழ்பெற்ற நூலுக்குச் சாயலற்ற பேனாக் கோடுகளையே தேர்ந்தது கருதத்தக்கது. ஹாஃப்டோன் கட்டை ஒளிநிழலைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும். அது தெளிவாகப் பதிய வழவழப்பான தாள் வேண்டும். ஆகவே அத்தகைய படங்கள் பலவும் தனித்தாளில் அச்சாகி நூலினிடையே சேர்க்கப்பட்டன. கோட்டோவியத்திற்குரிய லைன் பிளாக்கை எழுத்துகளோடு ஒரே சட்டத்தில் பொருத்திச் சாதாரணத் தாளிலேயே அச்சிடலாம். பாடலின் அருகிலேயே, அதே மையில் படமும் நிற்கும். செலவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் விளைவு செலவைப் பற்றியதன்று: வாசிக்கும் குழந்தையின் கண் சொல்லிலிருந்து கோட்டிற்குத் தாள் புரட்டாமலே செல்கிறது.

புணர்ச்சியும் உடலும்

இவ்வமைப்பின் பயனை முழுமையாகக் காட்டுவது 'கிச்சுரி' என்னும் பாடல். வாத்தைக் குறிக்கும் 'ஹாஸ்' என்பதும் முள்ளம்பன்றியைக் குறிக்கும் 'சஜாரு' என்பதும் சேர்ந்து 'ஹாஸ்ஜாரு' ஆகின்றன. யானையாகிய 'ஹாத்தி'யும் திமிங்கிலமாகிய 'திமி'யும் சேர்ந்து 'ஹாத்திமி' ஆகின்றன. முதற்சொல்லின் ஈற்றொலியும் வருசொல்லின் முதலொலியும் ஒன்றாக இருப்பதால் ஒன்று கெட்டு இரண்டும் இணைகின்றன. நன்னூல் வழிப் பயின்றோர் இதனைக் கெடுதல் விகாரமாக எளிதில் இனங்காண்பர். இலக்கணத்தைப் பொருட்படுத்தாமலே இவ்விணைப்பு நிகழ்ந்தது எனப் பாடல் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறது. உண்மையில் ஒலியிலக்கணம் வழுவவில்லை; வழுவியது இயற்கையே.

சொல் எளிதில் இணைந்துவிடுகிறது, உயிர் இணையவில்லை. ஹாத்திமியின் திமிங்கிலப் பாதி நீரை நாடுகிறது; யானைப் பாதி காட்டிற்கு அழைக்கிறது. இவ்விழுபறி பாடலில் சொல்லப்படுவது. படத்திலோ இரண்டு உடல்களும் தையல் தெரியாமல் ஒன்றாகி, இயற்கை நூலில் இடம்பெறும் விலங்கைப் போலவே நிற்கின்றன. வேடிக்கையென்று காட்டும் மிகை எதுவும் கோட்டில் இல்லை. நகைச்சுவை பிறப்பது, சொல்லின் துன்பத்திற்கும் கோட்டின் அமைதிக்கும் இடையிலுள்ள இவ்வகற்சியிலேயே.

மொழிபெயர்ப்புச் சிக்கலும் இவ்விடத்தில் தெளிவாகிறது. தமிழில் 'யானை', 'திமிங்கிலம்' என்னும் சொற்கள் இவ்வாறு புணரா. யானையைக் குறிக்கும் 'அத்தி' என்னும் பழஞ்சொல்லையும், பெருமீனைக் குறிக்கும் 'திமி' என்பதையும் சேர்த்தால் 'அத்திமி' கிடைக்கும். ஒலியளவில் மூலத்திற்கு மிக நெருங்கியது. ஆனால் நிகண்டு அறியாத குழந்தைக்கு அஃது அத்திப்பழத்தையே நினைவூட்டும்! மூலத்தில் குழந்தை சொல்லைக் கேட்ட கணத்திலேயே இரு விலங்குகளையும் கண்டுகொள்கிறது. தமிழில் அவ்வேலையைப் படமே செய்தாக வேண்டும். எனவே படத்தை விடுத்த மொழிபெயர்ப்பு இருமடங்கு இழப்புக்கு உள்ளாகிறது.

'மீசைத் திருட்டு' பற்றிய பாடலில் படம் வேறொரு பணியை ஏற்கிறது. தலைமை அலுவலகத்தின் பெரிய பாபு தம் மீசை களவுபோனதாகக் கூச்சலிடுகிறார். படத்தில் மீசை அவர் முகத்திலேயே இருக்கிறது. பாடலில் அவருக்குக் கண்ணாடி காட்டப்படுவதற்கு முன்பே குழந்தைக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. அதிகாரி அறியாததைத் தான் அறிந்த மகிழ்ச்சி அதற்கு உண்டாகிறது. சண்டிதாசின் சிற்றப்பா செய்த பொறியும் அவ்வாறே: முகத்தின் முன் தின்பண்டத்தைத் தொங்கவிட்டு மனிதனை ஓடவைக்கும் அக்கருவியைச் சொல்லால் விளக்க நீண்ட உரை வேண்டும், சில கோடுகள் அதனை முடித்துவிடுகின்றன.

எல்லாப் படங்களும் இத்தகையன அல்ல. கால் வழுக்கி விழுந்தவனைச் சேவகன் பிடித்துச்செல்ல, 21 ரூபாய் அபராதம் விதிக்கும் நாட்டைப் பற்றிய 'ஏகுஷே ஆயின்' பாடலில் நகை முழுதும் சட்ட நடையிலேயே தங்கியுள்ளது. காலனிய ஆட்சியின் ஆணைகளைக் கேட்டுப் பழகிய செவிக்கு அந்நடையே போதும். அப்பாடல் படமின்றியும் நிற்கும்.

நோய்ப்படுக்கையில்

1921இல் மகன் சத்யஜித் பிறந்த ஆண்டிலேயே சுகுமாரைக் காலா-அசார் நோய் பற்றியது. படுக்கையிலிருந்தபடியே அவர் எழுதினார், வரைந்தார்; 'சந்தேஷ்' இதழில் முன்பு வந்த பாடல்களைத் திருத்தித் தொகுத்தார். 'ஆபோல் தாபோல்' நூலின் மாதிரிப்படியையும் அட்டையையும் அமைத்தவரும் அவரே. ஆகவே எந்தப் பாடலருகே எந்தப் படம் நிற்க வேண்டும் என்பதும் ஆசிரியர் முடிபே. பதிப்பாளர் பின்னர்ச் சேர்த்த அணியன்று. அந்நூலின் இறுதிப் பாடல் உறக்கம் நெருங்குவதையும் பாட்டு முடிவதையும் குறிப்பிடுகிறது. 1923 செப்டம்பர் 10 அன்று அவர் காலமானார். நூல் வெளிவந்தது செப்டம்பர் 19 அன்று.