மெலிவில் எழும் மெட்டு: ராப் இசையின் பேஸ் வரிகளும் படைப்புரிமையும்

திறவுச்சொற்கள்: ராப், ஹிப்-ஹாப், பேஸ் வரி, சாம்ப்ளிங், படைப்புரிமை

ராப் பாடல்கள் குறித்த திறனாய்வு பெரும்பாலும் சொல்லைச் சுற்றியே அமைகிறது. இயைபு, சொற்கட்டு, எள்ளல், அரசியல் ஆகியன விரிவாக ஆராயப்படுகின்றன. ஆயினும் பாடலைக் கேட்டு முடித்தவர் முணுமுணுப்பது பல வேளைகளில் சொல்லை அன்று. அடியில் ஓடிய பேஸ் கிட்டாரின் சுரத்தொடரையே. ராப் பாடகர் பேச்சை ஒட்டிய தொனியில் தாளத்தோடு சொல்லிச் செல்கிறார். சுரத்தின் ஏற்ற இறக்கத்தைப் பெரிதும் கைவிடுகிறார். குரல் கைவிட்ட மெட்டின் பணியைப் பேஸ் வரி ஏற்றுக்கொள்கிறது. தாழ்ந்த தானத்தைத் தமிழிசை மரபு ‘மெலிவு’ என்று குறிக்கும். ராப்பில் அம்மெலிவே பாடலின் முகமாகிறது. அம்முகத்தை வரைந்தவர் யார் என்பதே இங்கு எழும் வினா.

1979இல் ஷிக் குழு வெளியிட்ட ‘குட் டைம்ஸ்’ பாடலின் பேஸ் வரியை வாசித்தவர் பெர்னார்ட் எட்வர்ட்ஸ். ஒரே தாழ்சுரம் மூன்று முறை அழுத்தமாக ஒலிக்கிறது. சிறு இடைவெளி விழுகிறது. பின்னர் வரி மேலேறிச் செல்கிறது. அந்த இடைவெளிதான் இவ்வரியின் உயிர் எனலாம். சொல்பவர் புகுந்துகொள்ள அது இடம் தருகிறது. அதே ஆண்டில் சுகர்ஹில் கேங் குழுவின் ‘ராப்பர்ஸ் டிலைட்’ இவ்வரியின்மேல் எழுந்தது. அது சாம்ப்ளிங் முறையில் எடுக்கப்பட்டதன்று. இசைக்கலைஞர்கள் அவ்வரியை மீண்டும் வாசித்தனர். எட்வர்ட்ஸும் நைல் ராட்ஜர்ஸும் சட்ட நடவடிக்கை எடுக்க முனைந்தபின், இருவர் பெயரும் பாடலாசிரியர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. எட்வர்ட்ஸுக்கு உரிமை கிடைத்தது, அவர் மூலப்பாடலின் ஆசிரியர்களுள் ஒருவர் என்பதால்தான். பேஸ் வாசித்தவர் என்பதால் அன்று. இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். அடுத்த சான்று அதன் அளவைக் காட்டும்.

லூ ரீடின் ‘வாக் ஆன் தி வைல்ட் சைட்’ (1972) பாடலை இரண்டே சுரக்கட்டுகளுக்கிடையே வழுக்கிச் செல்லும் பேஸ் வரி அடையாளப்படுத்துகிறது. ஒலிப்பதிவுக்கு ஊதியம் பெற்று வந்த ஹெர்பி ஃப்ளவர்ஸ் அதனை டபுள் பேஸில் வாசித்து, அதன்மேல் பேஸ் கிட்டாரிலும் மற்றோர் இழையைச் சேர்த்தார். இரு கருவிகளுக்கு இருமடங்கு ஊதியம் என்பதே அதற்குக் காரணம் என அவரே நகைச்சுவையாகக் கூறியதுண்டு. 1990இல் எ டிரைப் கால்டு குவெஸ்ட் குழு ‘கேன் ஐ கிக் இட்?’ பாடலில் இப்பதிவைச் சாம்ப்ளிங் செய்தது. வருமானம் முழுவதும் ரீடுக்கே சென்றது என அக்குழுவின் ஃபைஃப் டாக் பின்னாளில் கூறினார். கேட்போரை ஈர்த்தது ஃப்ளவர்ஸின் வழுக்கல். உரிமை பெற்றது ரீடின் பெயர். சொல்லும் குரலும் ஆசிரியருடையவை, அடியில் ஒலிப்பது கூலிக்கு வாசிக்கப்பட்டது என்னும் படிநிலை 1972ஆம் ஆண்டின் ஒப்பந்தத்திலேயே இருந்தது. ராப் பிறர் இசையைக் கவர்கிறது என்னும் குற்றச்சாட்டை எழுப்புவோர் இதனைக் கருதுவதில்லை. மறைப்பு, ராப் வருவதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது.

இதனால் ராப் நிறுவனங்கள் குற்றமற்றவை என்றாகிவிடாது. 1983இல் வெளிவந்த ‘வைட் லைன்ஸ்’ பாடலின் பேஸ் வரி, லிக்விட் லிக்விட் என்னும் நியூயார்க் குழுவின் ‘கேவர்ன்’ பாடலிலிருந்து வந்தது. அது நீதிமன்றம் வரை சென்ற வழக்கு. ரோலண்ட் டிஆர்-808 தாளப்பொறியின் நீண்டு ஒலிக்கும் கிக் ஓசையே பேஸாக அமையும் பாடல்களில் இவ்வினா வேறு வடிவம் கொள்கிறது. அது தனி ஆய்வுக்குரியது.

எ டிரைப் கால்டு குவெஸ்ட் 1991இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெயரே ‘தி லோ எண்ட் தியரி’. அதிலுள்ள ‘வெர்சஸ் ஃப்ரம் தி அப்ஸ்ட்ராக்ட்’ பாடலுக்கு அவர்கள் பழைய பதிவை மட்டும் நாடவில்லை. 1960களில் மைல்ஸ் டேவிஸ் குழுவில் வாசித்த ரான் கார்ட்டரை ஒலிப்பதிவுக் கூடத்திற்கே அழைத்து டபுள் பேஸ் வாசிக்கச் செய்தனர். கியூ-டிப் தம் ராப்பின் இடையே அவர் பெயரை உரக்கச் சொல்கிறார். உறையின் பின்புறச் சிற்றெழுத்தில் நிற்க வேண்டிய பெயர், இப்பாடலில் சொல்லாகவே காதில் விழுகிறது.